ஆணைப்படி நலம்

முன்னொரு காலத்தில் நெடுங்கழனி நாட்டை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு அவருக்கு. பிறந்தது முதல் ஒரு தும்மல்கூடத் தும்மியதில்லை. அதனால் நோய் என்பதே சோம்பேறிகள் கட்டிவிட்ட கதை என்று ஒரு நினைப்பு. ராஜாவின் நினைப்புக்குக் குறுக்கே யார் நிற்பது?

அவருடைய அரண்மனையில் பூவாண்டி என்று ஒருவன் வேலை பார்த்தான். ராஜா சாப்பிடும் முன் ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு வாய் தின்று பார்ப்பது அவன் வேலை. விஷமோ, கெட்டுப்போனதோ, நாக்கில் பட்டதும் சொல்லிவிடுவான். அரண்மனை அதிகாரி மழவராயருக்கு அவனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். "நான் பார்த்துக்கொண்டு நிற்க, நெய்ப்பொங்கலை இந்தப் பயல் முதலில் தின்கிறானே!" என்று பொருமுவார். அந்த வேலையில் தன் மைத்துனனை வைக்கவும் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி அடைமழையில் பூவாண்டிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. காய்ச்சல்காரன் நாக்குக்குத் தேனும் கசக்கும். செத்த நாக்கை வைத்துக்கொண்டு ராஜாவின் உயிரோடு விளையாடுவதா என்று, ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டான். ராஜா அன்று இளநீரும் வாழைப்பழமுமாகப் பொழுதை ஓட்ட வேண்டியிருந்தது. மழவராயருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"மகாராஜா, அவன் கம்பளிக்குள் சுகமாகத் தூங்குகிறான். இப்படியே விட்டால் நாளைக்குச் சமையற்காரனுக்குக் காய்ச்சல், மறுநாள் பட்டத்து யானைக்கும் காய்ச்சல்!"

பசித்த ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றே தண்டோரா போட்டார்கள். "அரண்மனையில் இனி எவருக்கும் நோய் கிடையாது. உடம்பு எப்படி என்று கேட்டால் நலம் என்றே சொல்ல வேண்டும். நாளை வேலைக்கு வராதவன் குடும்பத்தோடு கோட்டையை விட்டு வெளியேற வேண்டும்!"

பூவாண்டிக்குக் காய்ச்சலோடு கலக்கமும் சேர்ந்துகொண்டது. தள்ளாடியபடி மந்திரி திருவேகம்பர் வீட்டுக்குப் போனான்.

"சாமி, போனால் ராஜாவுக்குத் துரோகம். போகாவிட்டால் பிள்ளைகுட்டிகளோடு நடுத்தெரு. நான் என்ன செய்யட்டும்?"

மந்திரி அவன் நெற்றியைத் தொட்டார். "அடுப்பாகக் கொதிக்கிறதே அப்பா! நாளைக்குப் போ. ஆணை சொல்கிறபடியே நடந்துகொள். யார் கேட்டாலும் அதன்படியே பதில் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

இந்த ஒரு வார்த்தையே பூவாண்டிக்குப் பாதி மருந்து.

மறுநாள் பந்தியில் பாயசம் வந்தது. பூவாண்டி தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தான். மண் கரைத்த தண்ணீர் போலிருந்தது. ராஜா கிண்ணத்தைத் தூக்கும்போது மந்திரி கேட்டார்: "பூவாண்டி, உடம்பு எப்படியப்பா?"

"ஆணைப்படி நலம், சாமி."

"பாயசம் குடித்த பிறகு?"

"அதற்குப் பிறகும் ஆணைப்படி நலம்."

"ஒருவேளை அதில் விஷம் இருந்து குடல் வெந்தால்?"

"அப்போதும் நலம்தான் சாமி. சாகிறவரைக்கும் நலம்தான்."

ராஜாவின் கை பாதியிலேயே நின்றது. "அடேய், ஆணையைத் தூக்கி ஓரமாக வை! உண்மையைச் சொல்!"

"மகாராஜா, நாக்கு செத்துக் கிடக்கிறது. பாயசமும் பருப்புத்தண்ணீரும் இன்று அடியேனுக்கு ஒன்றுதான். அதனால்தான் நேற்று வரவில்லை. உங்கள் உப்பைத் தின்றவன் வேறெதற்காக வீட்டில் படுப்பேன்?"

"நடிப்பு, மகாராஜா! பாயசம் நன்றாகத்தான் இருக்கும்!" என்று துள்ளினார் மழவராயர்.

"அப்படியானால் ராயரே ஒரு கிண்ணம் குடித்துக் காட்டலாமே" என்றார் மந்திரி. "நெடுநாள் ஆசையும் தீரும்."

மழவராயர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். வியர்த்துக் கொட்டியது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு... காலையிலிருந்தே வயிறு சரியில்லை, மகாராஜா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "ஓய், நம் அரண்மனையில்தான் நோயே கிடையாதே!"

மந்திரி கிண்ணத்தை வாங்கி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். "அருமை! சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்."

ராஜாவின் சிரிப்பு அடங்கியது. "மந்திரியாரே, நோயை விரட்டுகிறேன் என்று நோயைச் சொல்லும் வாயை அடைத்துவிட்டேன். நல்ல வேளை, காப்பாற்றினீர்" என்று தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். பிறகு ஆணையை மாற்றினார். "உடம்புக்கு முடியாதவன் வீட்டில் படுத்துத் தேறட்டும். அவன் படியரிசி வீடு தேடிப் போகும், அவன் இடம் அவனுக்கே இருக்கும். வைத்தியரையும் அவனையும் கேட்காமல் இனி எவனும் அவன்மேல் குற்றம் சொல்லக் கூடாது. ராயருக்கு வயிறு சரியில்லையாம். பூவாண்டி தேறுகிறவரை அவருக்குக் கஞ்சியும் நிலவேம்புக் கசாயமும் கொடுங்கள்!"

பூவாண்டி வீடு போய்ப் படுத்தான். கூடை நிறைய அரிசி வந்து இறங்கியதைப் பார்த்து அவன் மனைவி வடிவாயி மந்திரி வீட்டுத் திசை நோக்கிக் கும்பிட்டாள்.

காய்ச்சல் விட்டு அவன் வேலைக்குத் திரும்பிய அன்றும் பாயசம்தான். "உடம்பு எப்படி, பூவாண்டி?" என்று ராஜாவே கேட்டார். "நலம், மகாராஜா" என்றான். ஆணை கேட்டு வந்த சொல் இல்லை அது. ஒரு வாய் குடித்தான். ஏலமும் நெய்யும் பாலும் தனித்தனியே நாக்கில் வந்து நின்றன. கண் நிறைந்துவிட்டது.

"என்னப்பா, ஏதாவது கெட்டுவிட்டதா?" என்று பதறினார் ராஜா.

பூவாண்டி மந்திரியைப் பார்த்துக் கைகூப்பினான். "இல்லை, மகாராஜா. மந்திரி ஐயா சொன்னது சரிதான். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான்."