குளத்துக்குள் நாலு முட்டை

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற கோமதிநாயகம், பறவை பார்க்க அமலி டீச்சரிடம் கற்றுக்கொண்டார். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் ஒரு சந்தேகம் கேட்பதென்றால் எழுந்து நின்றுதான் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டீச்சர் பூவாணிக்குளத்துக்குப் போவார். பிள்ளைகள் அதற்குக் 'குருவிக் குழு' என்று பெயர் வைத்திருந்தார்கள். கோமதிநாயகமும் தொப்பி போட்டுக்கொண்டு கூடவே போவார்.

அது மே மாதம். குளம் வற்றிக் கிடந்தது. பொடிக்கல் பரப்பில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். கூடு என்று எதுவும் இல்லை. வெறுந்தரையில் கல்லோடு கல்லாக நாலு முட்டைகள். பக்கத்திலேயே பெரிய பையன்கள் ஸ்டம்ப் ஊன்றி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கோமதிநாயகம் முட்டைகளையும் பையன்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவனுவ கண்ணுல பட்டா அவ்வளவுதான். நிச்சயமா உடைச்சிருவானுவ," என்று பிள்ளைகளிடம் சொன்னார். பிறகு டீச்சரிடம் வந்தார். "எப்படி டீச்சர் இவனுவளைத் தடுக்கது? முள்ளு வெட்டி வேலி போட்டுருவோமா?"

டீச்சர் நேரே கிரிக்கெட் ஆடும் இடத்துக்கு நடந்தார்.

"இசக்கிராஜா, ஆட்டத்தை நிறுத்திட்டு எல்லாரும் வாங்கப்பா."

இசக்கிராஜாதான் அந்த அணிக்குக் கேப்டன். பிளஸ் டூ எழுதிவிட்டு விடுமுறையில் இருந்தான். பையன்கள் வந்ததும் டீச்சர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதுக்கு மேல காலெடுத்து வைக்காதீங்க. முன்னால நாலு முட்டை இருக்கு. எங்கன்னு சொல்லுங்க."

தலைக்கு மேலே குருவி கத்திக்கொண்டே சுற்றியது. பையன்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். இசக்கிராஜா குத்தவைத்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவன் வாய் திறந்தபடி நின்றது.

"கல்லுன்னுல்லா நெனச்சேன்! டீச்சர், நேத்து பந்து எடுக்க இது வழியாத்தான் ஓடினேன்."

"தெரியாமத்தானே ஓடினே."

"இப்ப என்ன செய்யணும்?"

"நீங்கதான் சொல்லணும்."

பையன்கள் தங்களுக்குள் சத்தம் போட்டுப் பேசினார்கள். கடைசியில் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு மடைக்கு அந்தப் பக்கம் போனார்கள்.

"இடத்தைக் காட்டியே கொடுத்துட்டீங்களே டீச்சர்," என்றார் கோமதிநாயகம்.

"ஆமா அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

மறுநாள் விடிந்ததும் கோமதிநாயகம் குளத்துக்குப் போனார். மூன்று முட்டைதான் இருந்தது. விறுவிறுவென்று மடைப் பக்கம் போய், மட்டையோடு நின்ற இசக்கிராஜாவின் கையைப் பிடித்தார்.

"எங்கலே இன்னொரு முட்டை?"

"எனக்குத் தெரியாது தாத்தா."

"பொய் சொல்லாதலே. உங்க கூட்டத்தைத் தவிர எவன் எடுப்பான்?"

அவன் கையை உதறிக்கொண்டான். கரையில் போய் மட்டையைப் பக்கத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். மற்றவர்களும் ஆடவில்லை.

கோமதிநாயகம் டீச்சர் வீட்டுக்கு வந்தார். "நான் சொன்னேன்லா!" என்று அவர் ஆரம்பித்தபோதே வாசலில் கனிஷ்கா வந்து நின்றாள். குழுவிலேயே கெட்டிக்காரி. குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லிவிடுவாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கையிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்தாள். பஞ்சுக்கு நடுவில் முட்டை.

"பல்பு சூட்டுலயே வெச்சிருந்தேன் டீச்சர்."

"ஏம்மா எடுத்தே?"

"அந்த அண்ணன்மாரு நிச்சயமா உடைச்சிருவாங்கன்னு தாத்தா சொன்னாங்கல்லா. ஒண்ணாவது பொழைக்கட்டும்னுதான்..." பஞ்சைச் சரிசெய்தாள். "இப்ப இசக்கி அண்ணனைத் திட்டுனாங்களாம்."

கோமதிநாயகம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வை," என்றார் டீச்சர். "குருவி தலைக்கு மேல பாயும். பயப்படாம வை."

"ஒத்தையிலயா டீச்சர்?"

"இசக்கிராஜாவைத் துணைக்குக் கூட்டிட்டுப் போ."

"அவன் எப்படி வருவான் டீச்சர்?" என்றார் கோமதிநாயகம்.

"நீங்க போய்க் கூப்பிட்டா வருவான் அண்ணாச்சி."

அவர் எழுந்தார். கரைவரை கனிஷ்காவோடு நடந்தார். இசக்கிராஜா அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தப்பு என்மேலதான்டே," என்றார். "உன்னைப் பத்தி ஒண்ணும் தெரியாமலே பேசிட்டேன். மன்னிச்சிருப்பா."

அவன் டிபன் பாக்ஸைப் பார்த்தான். கனிஷ்காவைப் பார்த்தான். பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"சூடு ஆறிரும். சீக்கிரம் வா."

குருவி கத்திக்கொண்டு பாய்ந்து பாய்ந்து வந்தது. கனிஷ்காவின் தலைக்கு மேல் அவன் மட்டையைக் குடைபோலப் பிடித்துக்கொண்டான். அவள் முட்டையை வைத்தாள். இருவரும் தூர விலகியதும் குருவி இறங்கியது. நடந்து வந்து நாலின் மேலும் உட்கார்ந்தது.

சில வாரம் கழித்து மூன்று முட்டைகள் பொரிந்தன. கால் முளைத்த பஞ்சுபோல மூன்று குஞ்சுகளும் அன்றைக்கே தாயின் பின்னால் நடந்து போய்விட்டன. நாலாவது அப்படியே கிடந்தது. கனிஷ்கா அதன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இசக்கிராஜா அவளருகில் நின்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கனிஷ்கா வந்தாள். கிரிக்கெட் பையன்களில் பாதிப்பேரும் வந்தார்கள். பிள்ளைகள் முன்னால் போக, கோமதிநாயகம் டீச்சரோடு பின்தங்கி நடந்தார்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். அன்னைக்கு இவனுவகிட்ட இடத்தைக் காட்டுனீங்க. ஒருவேளை இவனுவளே முட்டையை எடுத்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

டீச்சர் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்கவில்லை.

"கொண்டுபோய் வைங்கப்பான்னு சொல்லியிருப்பேன்," என்றார். "துணைக்குக் கனிஷ்காவை அனுப்பியிருப்பேன்."