குடுவையில் செத்த கிருமி

"என் மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்க்க ஏன் விடமாட்டேங்கிறீங்க மேடம்?"

"அவசரம் வேண்டாம் சார்" என்றார் தில்லைநாயகி.

இதையேதான் மாதக்கணக்காகச் சொல்கிறார். ஞானதுரைக்குப் பொறுமை போய்விட்டது.

எந்த மருந்துக்கும் மசியாத காசநோய் அண்ணனைக் கொண்டுபோன வருஷம், சாப்ட்வேர் வேலையை உதறிவிட்டு இந்த ஆய்வுக்கூடத்துக்கு மாணவராக வந்தவர் அவர். தலை நரைத்த மாணவர். குரு தில்லைநாயகிக்கோ அவரைவிட வயது குறைவு.

காசநோய்க் கிருமி எதைத் தின்கிறது, எப்படிச் செரிக்கிறது, எதைக் கொண்டு பெருகுகிறது என்று அத்தனை வழிகளையும் கம்ப்யூட்டரில் ஓர் ஊர்ப் படம் போலக் கோத்தார். ஒவ்வொரு தெருவாக அடைத்துப் பார்த்தார். ஒரு தெருவை அடைத்ததும் ஊரே படுத்துவிட்டது. அந்தத் தெருவை அடைக்கிற மருந்தையும் தேடிப் பிடித்தார். குடுவையில் வளர்த்த கிருமி ஒன்று விடாமல் செத்தது.

இதற்கு மேல் என்ன வேண்டுமாம்?

போன வாரம் கோட்டு போட்ட ஆள் ஒருவர் வந்து, மேடத்தின் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டுப் போனார். மருந்துக் கம்பெனிக்காரராகத்தான் இருக்கும், விலை பேசியிருப்பார்கள் என்று ஞானதுரை முடிவே கட்டிவிட்டார். வந்தவர் இன்ஷூரன்ஸ் விற்கிறவர். அதை இவருக்கு யார் சொல்வது? அன்றிலிருந்து மருந்துச் சீசாவை ஞானதுரை பூட்டியே வைத்தார்.

ஒருநாள் தில்லைநாயகி தானே ஒரு குடுவையைத் தயார்செய்து நீட்டினார்.

"கிருமியை இதுல வளருங்க. மருந்தையும் உங்க கையாலேயே போடுங்க."

"ஏன், என் குடுவைக்கு என்ன கேடு?"

கேட்டுக்கொண்டே ஞானதுரை அதை வாங்கிக்கொண்டார்.

போட்டார். மூடியைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டார். யாரை நம்புவது?

வாரங்கள் போயின. ஒட்டுத்தாள் பிரியவில்லை. உள்ளே கிருமி கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது.

ஞானதுரை குடுவையை எடுத்துக்கொண்டு மேடத்தின் முன் போய் நின்றார். 

"இதுல என்னத்தையோ கலந்துட்டீங்க. என் மருந்தைக் கெடுக்கப் பார்க்கிறீங்க. எனக்குத் தெரியும் மேடம்!"

"மருந்தை நான் தொடவே இல்லையே. கிருமியோட சாப்பாட்டைத்தான் மாத்தினேன்."

"என்ன மாத்தினீங்க?"

"கிளிசரினை எடுத்துட்டு, நம்ம உடம்புல இருக்கிற மாதிரிக் கொழுப்பு வெச்சேன்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்புற ஆளா சார் நீங்க?"

"எல்லா லேப்லயும் கிளிசரின்தானே ஊத்துறாங்க? அது ஊத்தினாத்தான் நல்லா வளருது. அதனாலதான் கம்ப்யூட்டர் படத்துலயும் சாப்பாடுன்னு அதையே போட்டேன். நான் அடைச்ச தெரு கிளிசரின் உள்ளே வர்ற..."



தில்லைநாயகி குடுவையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தார்.

"நோயாளி நெஞ்சுக்குள்ள அதை யார் சார் ஊத்துறாங்க?"