மூடியில அழிஞ்ச பேரு

மூளையையும் கையோட எடுத்துக்கிட்டு வாங்க, இது சும்மா கேட்டுட்டுப் போற கதை இல்ல.

உடம்புல இருந்து எடுத்த சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்ல பாக்கணும்னா, மெழுகுல இறுக்கி மெல்லிசா சீவணும். அதுக்கு ஒரு மெஷின் இருக்கு. துணுக்கைக் கூடையில போட்டா, முதல்ல ஆல்கஹால்ல முக்கி உள்ள இருக்கற தண்ணிய வெளியேத்தும். அடுத்தது சைலீன். பெயிண்ட் தின்னர் ஜாதி அது, ஆல்கஹாலை விரட்டும். கடைசியா உருகுன மெழுகு. ஆல்கஹால் மிச்சமிருந்தா மெழுகு உள்ள ஏறாது, எல்லாம் பாழ்.

அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரி லேப்ல அந்த மெஷின் பாதியில மக்கர் பண்ணுச்சு. டெக்னீஷியன் முபாரக் கூடையை வெளிய எடுத்தாரு. எதுல நின்னுச்சோ அதையே ஒரு ஜாடியில புதுசா ஊத்தி, முக்கி வெச்சாரு. மூடியில மார்க்கர் பேனாவால அந்தத் திரவத்தோட பேரை எழுதினாரு. மெஷினைச் சரி பண்ணி, பழைய கணக்கை அழிச்சு, முதல்ல இருந்து ஓட்டறதுக்குத் தயாரா வெச்சுட்டு, பொண்ணு பாக்க ரயிலேறிட்டாரு.

மாணவி ஜெனிட்டா வந்து பாத்தா, மூடியில வெறும் நீலக் கறை. உள்ள இருந்தது கசிஞ்சு எழுத்தைத் தின்னுடுச்சு. ஆல்கஹாலும் மார்க்கரை அழிக்கும், சைலீனும் அழிக்கும். பாக்க ரெண்டும் ஒண்ணுபோலத்தான். முபாரக் போனை எடுக்கல.

"மார்க்கர்ல எழுதியிருக்காரு மனுஷன். இவரு பாக்கப் போயிருக்கற பொண்ணு பாவம்" என்றாள்.

கூடையில இருந்தது ஒரே துணுக்கு. ஆறு வயசுக் குழந்தையோட கல்லீரல்ல ஊசி விட்டு எடுத்தது. கெட்டுப்போனா மறுபடி குத்தணும்; அதுக்காக வார்டுல குழந்தைக்குச் சாப்பாடு குடுக்காம வெச்சிருந்தாங்க.

"மோந்து பாரும்மா" என்றார் லேப் டாக்டர் தில்லைநாயகம்.

"ரூம் முழுக்க ரெண்டும்தான் சார் நாறுது. என் மூக்கு எப்பவோ செத்துப்போச்சு."

"முதல்ல இருந்தே ஓட்டிடலாம்டி" என்றான் கூடப் படிக்கற பிரசன்னா.

"ஓட்டு. நூல் மாதிரி இருக்கறது, திரும்ப அவ்வளவு நேரம் ஊறுனா அப்பளமா வரும். நீயே கடிச்சுக்க."

"அப்ப நேரா மெழுகுல போடு."

"உள்ள ஆல்கஹால் இருந்தா? உன் தலையில ஊத்தவா மெழுக?"

ஜெனிட்டா ஜாடியில இருந்து கொஞ்சூண்டு ட்ராப்பர்ல உறிஞ்சுக்கிட்டு விறுவிறுன்னு நடந்தா. அரை நிமிஷத்துல விஷயம் தெரிஞ்சுபோச்சு.

நீங்களா இருந்தா, அந்தச் சொட்டை எதுல விட்டுப் பாத்திருப்பீங்க?

விடை: குழாய்த் தண்ணியில. ஆல்கஹால்னா தண்ணியோட கலந்து காணாமப் போகும். சைலீன்னா எண்ணெய் மாதிரி மேல மிதக்கும். மிதந்துச்சு. ஜெனிட்டா துணுக்கைப் புது சைலீன்ல ஒரு முக்கு முக்கி, மெழுகுக்கு அனுப்பினா. சாயங்காலம் மைக்ராஸ்கோப்ல இருந்து கண்ணை எடுக்காமலே டாக்டர் வார்டுக்குப் போன் போட்டாரு: "குழந்தைக்குச் சாப்பாடு குடுங்க. இனி குத்த வேண்டியதில்ல."