சிரிப்பை விட்ட ராஜா

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா சிரிப்பதை விட்டுவிட்டார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். உடற்பயிற்சி என்றதும் முகத்தைச் சுளிக்கிற ஆள் இல்லாத ஊர் உண்டா என்ன, உங்கள் ஊராகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வல்லபராயர் என்று பேர். தங்கமான மனிதர், உடம்பு மட்டும் கொஞ்சம் அதிகம். சிரித்தால் இருமுவார், இருமினால் மூச்சு முட்டும், முகம் நீலம் பாரித்துவிடும். ஒருநாள் அரண்மனை வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மகாராஜா, தினமும் உடம்பு வேர்க்க அசைய வேண்டும். அது முடியாதென்றால் சிரிப்பதையாவது நிறுத்த வேண்டும். இன்னொரு தடவை இப்படி மூச்சு முட்டினால் உயிருக்கு நான் பொறுப்பில்லை" என்றார். ராஜா யோசிக்கக்கூட இல்லை. சிரிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டு அவரைச் சோம்பேறி என்பவர்களோடு நான் சண்டைக்கு வருவேன். பாவம், அதற்கு முன்னால் அவர் முயன்று பார்க்காமல் இல்லை. படைத் தலைவரான தளவாய் கோவிந்தப்பர் தன் மல்லர்கூடத்துக்கு அவரை அழைத்துப் போய்க் கர்லாக்கட்டை சுற்ற வைத்தார், தண்டால் எடுக்க வைத்தார். ராஜா மண்ணில் கவிழ்ந்து எழ முடியாமல் கிடந்தபோது சுற்றி நின்ற இளவட்டங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு குதிரை, பிறகு நீச்சல். எல்லாம் நாலு நாள் கூத்து. செய்யும்போது வெறுப்பு, விட்ட பிறகு வெட்கம். இரண்டையும் அனுபவித்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

ராஜா சிரிப்பை விட்டதில் வேலை போனது விகடகவி ஆராவமுதுக்கு. சபையில் வாயை மூடிக்கொண்டு தூணோடு தூணாக நின்றான். சோறு போய்விடுமே என்று அவன் கவலைப்படவில்லை. தன் விகடத்துக்கு ராஜாவின் முகம் நீலமானதைக் கண்ணால் பார்த்தவன் அவன். அதை நினைத்தால் அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

கோவிந்தப்பருக்கு அவன்மேல் வெகுநாளாகக் கண். தன்னால் ஆகாததை அவனிடம் தள்ளிவிட்டால் தொலைந்தான் என்று கணக்குப் போட்டார். நிறைந்த சபையில் எழுந்து, மகாராஜாவை உடற்பயிற்சி செய்ய வைக்க ஆராவமுதால்தான் முடியும், முடியாவிட்டால் வேலையில்லாத விகடகவிக்கு இந்த நாட்டில் சோறு எதற்கு என்றார். ராஜாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை, ஆனால் நிறைந்த சபையில் எழுந்ததைத் தட்டவும் முடியவில்லை.

"ஆராவமுது, உனக்கு ஆடி மாதம் வரை தவணை. என் உடம்பு தேறவில்லையென்றால் நீ எல்லையைத் தாண்ட வேண்டும். ஆனால் ஒன்று. உடற்பயிற்சி என்ற பேச்சையே என்னிடம் எடுக்கக் கூடாது. எழு என்றோ நட என்றோ என்னிடம் சொல்லக் கூடாது" என்றார்.

"உத்தரவு மகாராஜா. தங்களிடம் சொல்ல மாட்டேன்" என்று ஆராவமுது கும்பிட்டான். தளவாய் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

அந்த ஊரில் தினமும் சாயங்காலம் கோவிலிலிருந்து சுவாமி புறப்பாடு உண்டு. நான்கு வீதியும் சுற்றி வரும். முன்னால் உத்திராபதிப் பிள்ளையின் நாகஸ்வரம். ராஜாவுக்கு அந்த நாகஸ்வரம் என்றால் உயிர். அதற்காக ஒரு தப்பான வழக்கம் ஏற்பட்டிருந்தது. கீழவீதியில் அரண்மனை மாடத்துக்கு நேராகச் சுவாமியை நிறுத்திவைத்து, ராஜா சாய்ந்தபடி கேட்பதற்காக ராகம் முழுவதையும் பிள்ளை அங்கேயே வாசித்து முடிப்பார்.

ஆராவமுது நேரே உத்திராபதிப் பிள்ளை வீட்டுக்குப் போனான். ஒரு மனிதருக்காகச் சுவாமியைத் தெருவில் காக்க வைப்பது முறையா, நடந்துகொண்டே வாசிக்கக் கூடாதா என்று கேட்டான். பிள்ளையின் மனதிலும் அது முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. "எங்கப்பா காலத்துல நடந்துக்கிட்டேதான் வாசிப்போம் தம்பி. கீழவீதியில ராகத்தை எடுத்தா மேலவீதியிலதான் அது நெறைஞ்சு நிக்கும்" என்றார்.

மறுநாள் மாடத்துக்குக் கீழே காம்போதி ஆரம்பித்தது. ராஜா கண்ணை மூடினார். ராகம் நிற்காமல் நகர்ந்தது, தெற்கு வீதி முனையில் திரும்பியது, தேய்ந்து மறைந்தது. ராஜா பாதிச் சாப்பாட்டில் இலையை உருவின மாதிரி திகைத்துப்போனார். சுவாமியை நிறுத்து என்று வாய்விட்டு உத்தரவு போட முடியுமா? படியிறங்கி ஓடினார். சுவாமி புறப்பாட்டில் ராஜாவானாலும் பல்லக்கு ஏறக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். தெற்கு வீதி முனைவரை நடந்து, மூச்சு வாங்க ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நாகஸ்வரம் அவரை விட்டுவிட்டுப் போயிற்று. அன்று ராத்திரி அவருக்கு அந்த ராகம் எப்படி முடிந்திருக்கும் என்பதே யோசனை.

மறுநாள் கொஞ்சம் அதிகம் போனார். பிறகு இன்னும் கொஞ்சம். நாளடைவில் மேலவீதிவரை எட்டிவிட்டார். அங்கே ராகம் நிறைந்து நின்றபோது கண்ணில் நீர் வழிய அவரும் கூட்டத்தோடு நின்றார். எல்லோரும் நாகஸ்வரத்தைப் பார்த்தார்களே தவிர, அவர் நடையை யாரும் பார்க்கவில்லை. அதுவே அவருக்குப் பெரிய ஆறுதல்.

கோவிந்தப்பர் சும்மா இருப்பாரா? ராஜாவின் காதில் விஷயத்தைப் போட்டார். எல்லாம் ஆராவமுதின் ஏற்பாடு, தாங்கள் இத்தனை நாள் செய்தது உடற்பயிற்சிதான் என்று. ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. தன்னை மறுபடியும் மல்லர்கூடத்து மண்ணில் தள்ளியதாகவே நினைத்தார். இனி மாடத்தை விட்டு இறங்கப்போவதில்லை என்றார். செய்தி கேட்டு ஆராவமுது துணியை மூட்டை கட்டினான்.

அன்று சாயங்காலம் நாகஸ்வரம் கீழவீதிக்கு வந்தது. ராஜா அசையவில்லை. தெற்கு வீதி முனையில் திரும்பியது. ஆசனத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். மேலவீதியில் அது எப்படி இருக்கும் என்று இப்போது அவருக்குத் தெரியுமே. சட்டென்று எழுந்தார். உடற்பயிற்சி என்று தெரிந்தே நடந்தார், நான்கு வீதியும்.

சபை கூடியது. மூட்டையும் கையுமாக ஆராவமுது வந்து நின்றான்.

"என்னிடம் நட என்று சொல்லாதே என்றேன் அல்லவா?" என்றார் ராஜா.

"மகாராஜாவிடம் நான் சொல்லவில்லை. உத்திராபதிப் பிள்ளையைத்தான் நடக்கச் சொன்னேன். பிள்ளைக்கு உடம்பு தேறியிருக்கிறதா என்று வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். தேறவில்லையென்றால் எல்லையைத் தாண்டிவிடுகிறேன்."

ராஜாவின் தோள் குலுங்கியது. வைத்தியர் பதறி ஓடிவந்தார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்து முடித்துத் திரும்பவும் சிரித்தார். இருமல் வரவில்லை. ஆராவமுது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதுவிட்டான்.

ராஜா தன் கையிலிருந்த தோடா என்ற தங்கக் காப்பைக் கழற்றி அவனுக்குப் போட்டார். தளவாயைப் பார்த்து, இனி தினமும் நீரும் எங்களோடு வாரும், சங்கீதம் கேட்டால் மனம் கொஞ்சம் இளகும் என்றார். பிறகு ஆசனத்தில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அழுதது போதும், ஆராவமுது. இத்தனை நாளாக எனக்குச் சொல்லாமல் வைத்திருப்பாயே, அந்த விகடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லு" என்றார்.