நிறுத்தி வைத்த கடிகாரம்

அமெரிக்காவில் ஒரு மலை மாநிலம். அங்கே எல்லிஸ் வார்டன் என்று ஒரு வக்கீல். நிலக்கரிச் சுரங்கம் தீப்பிடித்துப் பதினோரு பேர் செத்தபோது, அவர்களுடைய மனைவிமாருக்காக வழக்காடியவர். அந்தச் சுரங்கத்துக்கு வெளியே வர ஒரே வழி. அதை நெருப்பு அடைத்துவிட்டது. "இன்னொரு வழி வெட்டணும்னு சட்டத்தில் எங்கே இருக்கு?" என்று கேட்டார் நீதிபதி. எங்கேயும் இல்லை. வழக்கு தோற்றது.

அந்தச் சட்டத்தை எழுதவே எல்லிஸ் தேர்தலில் நின்று சட்டசபைக்குப் போனார். ஒன்பது வருஷம் அலைந்த பிறகு, கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதா ஓட்டுக்கு வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குச் சபை முடிய வேண்டும். அதற்குள் நிறைவேறாவிட்டால் மசோதா போச்சு.

காலையில் கிரேஞ்சர் வந்தார். மசோதா வேண்டாம் என்கிற கட்சிக்காரர். "எல்லிஸ், என் மனைவிக்கு இன்னைக்கு ஆபரேஷன். நான் போனா எங்க பக்கம் ஒரு ஓட்டு குறையும்."

அதற்கு அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பக்கம் ஒருவர் போனால் அந்தப் பக்கம் ஒருவர் ஓட்டுப் போடாமல் இருப்பார். எழுத்து ஒன்றும் கிடையாது, கை கொடுப்பதோடு சரி. நாலு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று எல்லிஸ் நம்பியிருந்தார். கை கொடுத்தார். "போய்ட்டு வாங்க. பன்னிரண்டு அடிக்கிறவரைக்கும் நான் ஓட்டுப் போடமாட்டேன்."

கிரேஞ்சர் ஆஸ்பத்திரி போன் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினார்.

பேச்சு நீண்டுகொண்டே போனது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சபைத் தலைவர் கண்ணைக் காட்ட, காவலாளி ஏணி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்தினார். வேலை முடியாவிட்டால் அங்கே அப்படித்தான். முள் நகராதவரை சபை முடியாது.

ஓட்டு எடுத்தார்கள். இரண்டு பேர் மனம் மாறிவிட்டதால் இருபத்து நாலுக்கு இருபத்து நாலு. சமமானால் மசோதா தோற்றதாக அர்த்தம்.

"வார்டன், நீங்க இன்னும் போடலையே" என்றார் தலைவர்.

மேலே பார்வையாளர் வரிசையில் ஸ்டெல்லா நோவாக் உட்கார்ந்திருந்தாள். புருஷனை அந்தச் சுரங்கத் தீயில் பறிகொடுத்தவள். மகன் இப்போது அதே சுரங்கத்தில்தான் இறங்குகிறான். எல்லிஸ் கை கொடுத்த விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது. கம்பிக்கு மேலே குனிந்து கைக்கடிகாரத்தைக் காட்டினாள். "பன்னிரண்டே முக்கால் ஆச்சுங்க ஐயா. நீங்க கொடுத்த வாக்கு முடிஞ்சு போச்சு."

பக்கத்து இருக்கை நண்பர் முணுமுணுத்தார். "பன்னிரண்டு தாண்டிடுச்சுன்னா சபையும் முடிஞ்சது, உன் ஓட்டு செல்லாது. தாண்டலைன்னா உன் வாக்கு இன்னும் இருக்கு. நீதான் பெரிய வக்கீலாச்சே, எந்தக் கடிகாரம்னு சொல்லேன்."

எல்லிஸ் பாதி எழுந்தார். எழவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

ஸ்டெல்லா சொல்வதுபோல் ஓட்டுப் போடுவதா, வாக்கைக் காப்பாற்றிச் சும்மா இருப்பதா? எல்லிஸ் என்ன செய்தால் சரி? ஒரு முடிவுக்கு வந்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். எல்லிஸ் வாக்குக் கொடுத்தது கிரேஞ்சருக்கு. அதிலிருந்து விடுவிக்க அவரால்தான் முடியும், எந்தக் கடிகாரத்தாலும் முடியாது. கடிகாரம் நின்றிருந்ததால் கேட்க நேரமும் இருந்தது. அவர் மாட்டேன் என்றால் எல்லிஸ் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எல்லிஸ் அந்தத் துண்டுத்தாளோடு வராந்தாவுக்குப் போய், போன் போட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"அவ இன்னும் கண் முழிக்கலை" என்றார் கிரேஞ்சர். "காலையிலேர்ந்து வேற வேலையில்லாம இந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து வெளியே போக எத்தனை வழின்னு எண்ணிக்கிட்டிருக்கேன். நாலு இருக்குப்பா. நீ போய்ப் போடு."