ராஜாவுக்குப் பாகற்காய் ஊட்டிய இளவரசி

முன்னொரு காலத்தில் தாழையூர் நாட்டை ரணகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் போட்ட உத்தரவைச் சாயங்காலம் மாற்றிவிடுவான். மாற்றியதை மறுநாள் மறந்தும் போவான். அப்படிப்பட்டவனிடம் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு, மூன்றாவது பிரசவத்துக்காக ராணி பொற்கொடி தாய்வீடு போனாள்.

"நாட்டை எப்படியோ ஆளுங்கள். பிள்ளைகளை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட வையுங்கள்" என்று பல்லக்கில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கேதான் ராஜா மாட்டிக்கொண்டான். இளவரசி எழிலிக்கு ஏழு வயது, இளவரசன் சேந்தனுக்கு ஐந்து. இருவருக்கும் அதிரசமும் லட்டும் போதும். கீரையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு மாதத்தில் சேந்தனுக்கு வயிறு கல்லாகிப்போனது. எழிலிக்குப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் கசிந்தது.

ராஜா பயந்துபோனான். "கீரை தின்னாதவர்களுக்குக் குதிரைச் சவாரி கிடையாது!" என்றான். பிள்ளைகள் சவாரியை விட்டுவிட்டார்கள். "தின்னாவிட்டால் அறையில் பூட்டுவேன்!" என்று ஒருநாள் கத்தினான். சேந்தன் அழுதுகொண்டே ஒரு வாய் விழுங்கி, அப்படியே வாந்தி எடுத்தான். மகனின் முதுகைத் தடவிக்கொண்டே ராஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். படைகளை ஏவத் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை.

மறுநாள் சபையில் வெட்கத்தை விட்டு யோசனை கேட்டான்.

உணவுப் பண்டங்களை வைக்கும் அரண்மனை உக்கிராணத்துக்கு அதிகாரி வல்லபராயர். அமைச்சர் பொன்னுடையாரின் பேருக்கும் புகழுக்கும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பவர். இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"மன்னா, எந்தச் சிக்கலையும் அவிழ்ப்பவர் நம் அமைச்சர். இதை அவரிடமே விடுங்கள். பத்து நாளில் முடியாவிட்டால், அந்த அமைச்சர் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுங்கள்!"

"சரி, அப்படியே ஆகட்டும்!" என்று ராஜா சட்டென்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பொன்னுடையார் பதறவில்லை. "ஒரே ஒரு நிபந்தனை, அரசே. இந்தப் பத்து நாளும் நீங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர்கள் இலையைப் பற்றி நீங்கள் வாயே திறக்கக் கூடாது."

"இவ்வளவுதானா?" என்றான் ராஜா.

மதியம் மூன்று இலை போட்டார்கள். ராஜாவின் இலையில் முருங்கைக்கீரைப் பொரியல், பாகற்காய்க் கறி, கேழ்வரகுக் களி. அமைச்சர் எழிலியின் முன்னால் பணிவாக நின்றார்.

"இளவரசி, உங்கள் அப்பாவுக்குத் தொப்பை கூடிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காய்கறி சாப்பிட வேண்டும் என்கிறார் வைத்தியர். யார் சொன்னாலும் இவர் கேட்பதில்லை. இன்றிலிருந்து இவரைச் சாப்பிட வைப்பது உங்கள் பொறுப்பு."

ராஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பாகற்காய் ஆகாது! அவன் இலையில் அது விழுந்து முப்பது வருஷமாகிறது. "எனக்கு வேண்டாம்" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டான்.

சேந்தன் வாயைப் பிளந்தான். எழிலியோ தகப்பனின் அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏன்ப்பா, கசக்குமா?"

"ரொம்ப."

"இருங்க, நான் பார்த்துச் சொல்றேன்." ஒரு துண்டை எடுத்து மென்றாள். முகம் கோணியது. ஆனாலும் விழுங்கிவிட்டாள். "கசக்கத்தான் செய்யுது. களியோட சேர்த்துச் சாப்பிட்டா தெரியாது. ஒரு வாய் மட்டும், என் தங்க அப்பா இல்ல?"

அவள் மிரட்டவில்லை, கத்தவில்லை. ராஜா தலையைக் குனிந்துகொண்டு வாயைத் திறந்தான்.

அன்று நடந்தது அவ்வளவுதான். இரண்டாம் நாள் சேந்தன், "எனக்கும் வேலை வேணும்" என்று அழுதான். அப்பாவுக்குக் காய் பறிக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார் அமைச்சர். தான் பறித்த அவரைக்காயை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் அவனே பாதி தின்றான். நான்காம் நாள் இருவரும் முரண்டு பிடித்துக் கீரையைத் தொடவே இல்லை. ராஜாவுக்குத் தொண்டை வரை கோபம் வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு தன் இலையைக் காலி செய்தான். ஆறாம் நாள் எழிலி தானாகவே, "எனக்கும் கொஞ்சம் கீரை" என்றாள்.

பத்தாம் நாள் சபை கூடியது. பிள்ளைகள் முன்னால் கீரையும் பாகற்காயும் வைத்தார்கள். வல்லபராயர் லட்டுத் தட்டோடு முன்னே வந்தார்.

"பாவம், குழந்தைகள்! அந்தக் கசப்பு எதற்கு? இதோ, மாமா கொண்டுவந்திருக்கிறேன்."

"தினமும் ஒளிச்சு வெச்சுக் கொடுப்பீங்களே, அதே லட்டுதானே?" என்றான் சேந்தன்.

ராஜாவின் மீசை துடித்தது. வல்லபராயர் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

எழிலி அவர் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். "மாமாவுக்கும் தொப்பை இருக்கே! உட்காருங்க மாமா." அவர் முன்னால் பாகற்காயைத் தள்ளினாள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணில் நீர் வழிய நின்றார். தம்பியும் அக்காளும் தங்கள் பங்கை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்கள். சபை அதிரச் சிரித்தது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் பொன்னுடையார் கழுத்தில் போட்டான். உக்கிராணச் சாவியை வல்லபராயரிடமிருந்து வாங்கிக்கொண்டு, "நீர் ஒரு மாதம் என் பிள்ளைகளோடு சாப்பிடும். அவர்கள் போதும் என்றால் சாவி திரும்பக் கிடைக்கும்" என்றான். அதிசயமாக, அந்த உத்தரவை அவன் மாற்றவே இல்லை.

பிறகு அமைச்சரைத் தனியே அழைத்தான். "நான் கத்தினேன், மிரட்டினேன். ஒருநாள்கூட அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை, இல்லையா?"

"இப்போது உட்காருகிறீர்களே, அரசே" என்றார் பொன்னுடையார்.

கைக்குழந்தையோடு ராணி திரும்பி வந்தாள். பிள்ளைகளின் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். "எப்படிச் சாப்பிட வைத்தீர்கள்?" என்று கேட்டாள்.

ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினான். அதற்குள் எழிலி முந்திக்கொண்டாள்.

"போங்கம்மா! அப்பாவைச் சாப்பிட வைக்க நானும் தம்பியும் பட்ட பாடு உங்களுக்கு என்ன தெரியும்?"