பழைய முகவரிக்கு வந்தவர்

எங்கள் பாத்திர வாடகைக் கடையில் மூன்று பேர். முதலாளி தவசியண்ணன், அவர் மச்சினன் ஒச்சப்பன், பி.காம். படித்த தைரியத்தில் நான். மூவரில் ஒருவனுக்காவது விவரம் இருக்கும் என்று ஊரில் நினைத்தார்கள்.

வைகாசி முகூர்த்தத்துக்குள் ஒரு கல்யாண ஆர்டராவது பிடிக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். அதற்காக வெப்சைட் வைத்தோம். வைத்தும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

அதைச் செய்துகொடுத்த மதுரை நிலோஃபர் போனில் சொன்னாள்: “அண்ணே, வெப்சைட் முகவரி பூரா நம்பரும் கேள்விக்குறியுமா இருக்கு. கூகுளுக்கும் புரியாது, வர்ற ஆளுக்கும் புரியாது. கேள்விக்குறியை எடுத்துருங்க. பாத்ததும் புரியுற வார்த்தையாப் போட்டு, நடுவுல சின்னக் கோடு போடுங்க. பழைய முகவரிக்கு யாரு வந்தாலும் புதுசுக்குத் திருப்பி விட்டுறணும். அதுதான் முக்கியம்.”

உட்கார்ந்து யோசித்தோம்.

“பாத்ததும் புரியணும்னா அடையாளம் சொல்லணும்,” என்றார் தவசியண்ணன். அப்படியே ‘தண்ணீர்த்தொட்டிக்கு-எதிரே-பச்சை-ஷட்டர்-நாய்-கடிக்காது’ என்று வைத்தோம். நாய் விஷயம் என் யோசனை. படித்தவன் அல்லவா.

“கேள்விக்குறி கூடாதுன்னா, வர்றவங்ககிட்ட என்ன வேணும்னு கேக்கக் கூடாதா மாமா?” என்றான் ஒச்சப்பன்.

“கேக்காதே. அவங்களாச் சொல்லட்டும்.”

“பழைய முகவரின்னா எது?”

சுற்றிலும் பார்த்தோம். பத்து வருஷமாக உட்கார்ந்திருந்த இந்த இடத்தைவிடப் பழையது எங்களிடம் இல்லை.

மறுநாள் காலை ஒருவர் வேனில் வந்து இறங்கினார். “மக கல்யாணம். ஆயிரம் பேருக்குப் பாத்திரம் வேணும்.”

ஒச்சப்பன் கும்பிட்டான். “இது பழைய முகவரிங்கய்யா. புதுசுக்குப் போங்க,” என்று போனில் காட்டினான்.

அவர் போய், கால்மணி நேரத்தில் திரும்பி வந்தார். “தண்ணித்தொட்டிக்கு எதிரே பச்சை ஷட்டர்னு போட்டிருக்கே. அது இதுதானே?”

“இது பழசுங்கய்யா.”

மூன்றாம் முறை வந்தபோது அவருக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த ஆர்டரை விட்டால் கடையும் போய்விடும். “பாவம், இடம் தெரியாம அலையுறாரு. நாமளே கூடப் போய்க் காட்டுவோம்ணே,” என்றேன்.

ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு மூவரும் வேனில் ஏறினோம். ஊரெல்லாம் விசாரித்து, கடைசியில் தண்ணீர்த்தொட்டிக்கு எதிரே பச்சை ஷட்டரைக் கண்டுபிடித்துவிட்டோம். பூட்டிக் கிடந்தது. பெண்ணின் அப்பா ஷட்டரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

தவசியண்ணனுக்கு வந்ததே கோபம். “முகூர்த்த நேரத்துல கடையைப் பூட்டிட்டு ஊர் சுத்தப் போயிருக்கானுங்க பாருங்க. இவனுங்களை நம்பாதீங்கய்யா,” என்று வேனை அடுத்த தெரு வாடகைக் கடைக்கு விடச் சொன்னார்.

அங்கே அண்டாக்களைத் தூக்கி ஏற்றிக் கொடுத்தது நாங்கள்தான். ஒரு வாடிக்கையாளரையாவது சரியான முகவரியில் சேர்த்தோமே என்று எனக்கு மனசு நிறைந்துபோனது.